பாக்கெட்டில் கிடக்கும் செல்லுக்கு யார் காவல்?

வேப் (மின்-சிகரெட்) பேட்டரி வெடித்தது என்று கேள்விப்பட்டால், ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார் என்றுதான் முதலில் நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2009 முதல் 2016 வரை அமெரிக்கச் செய்திகளில் வந்த இத்தகைய தீ, வெடிப்புச் சம்பவங்களை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்து 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 195 சம்பவங்கள். சார்ஜ் ஆகும்போது நடந்தவை 48. வாயில் வைத்து இழுக்கும்போதோ கையில் வைத்துப் பயன்படுத்தும்போதோ நடந்தவை 60. கருவியோ, செல் என்று சொல்கிற தனி பேட்டரியோ (செல்போன் அல்ல) பாக்கெட்டில் சும்மா இருக்கும்போது நடந்தவை 61.

இந்த 61-தான் என்னை உறுத்துகிறது. பட்டனை அழுத்தவில்லை, சார்ஜரில் மாட்டவில்லை, நடந்துபோகிறார், அவ்வளவுதான். சார்ஜருக்குள் ஏதாவது பழுதானால் அது நம் கண்ணுக்குத் தெரியாது. பாக்கெட்டில் செல்லோடு வேறு என்ன கிடக்கிறது என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் தொடை வெந்துபோகிறது என்றால், யாரோ ஒருவர் அவருக்கு ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

அந்தச் சின்ன விஷயம் இதுதான். போனில் இருப்பதும் லித்தியம்-அயான் பேட்டரிதான். ஆனால் அது உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது, அதன் தலையில் ஒரு பாதுகாப்பு சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் அளவுக்கு மேல் ஏறினால் வெட்டிவிடும், அளவுக்குக் கீழே இறங்கினால் வெட்டிவிடும், கரண்ட் திடீரென்று பாய்ந்தாலும் வெட்டிவிடும். நாம் அந்த செல்லை ஆயுளுக்கும் தொட மாட்டோம். பேட்டரியைக் கழற்றி மாட்டுகிற வேப்பில் கதை அப்படியில்லை. அதிகக் கரண்ட் தரவேண்டும் என்பதற்காக, அந்த சர்க்யூட் இல்லாத வெறும் செல்லைத்தான் போடுகிறார்கள். அதைக் கையில் எடுக்கிறோம், பையில் போடுகிறோம், மறுபடி மாட்டுகிறோம். கருவிக்குள் இருக்கும்வரை கருவியின் சர்க்யூட் ஓரளவு பார்த்துக்கொள்ளும். வெளியே வந்த நிமிஷத்திலிருந்து காவல் வேலை முழுக்க நம்முடையது.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனது. 18650 எனப்படும் உருளை வடிவ உதிரி செல்களைப் பொதுமக்கள் வாங்கவே வேண்டாம், பயன்படுத்தவே வேண்டாம் என்று எச்சரித்தது. இந்த செல்கள் தொழிற்சாலையில் பேட்டரி பேக்குகளுக்குள் கோக்கப்படுவதற்காகச் செய்யப்பட்டவை. தனியாக யார் கைக்கும் போவதற்காக அல்ல. இனிமேல் வாங்குகிறவருக்கு என் யோசனையும் அதுதான்: பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட கருவி போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நிக்கோடின் உடம்புக்குச் செய்கிற கேடு தனிப் பேச்சு. பழக்கமில்லாதவர் ஆரம்பிக்காமலே இருக்கலாம். ஆனால் உதிரி செல்லை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்கள் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் படுக்கக் கூடாது.

உருளைக்குள் என்ன இருக்கிறது

18650 என்ற எண்ணில் ரகசியம் எதுவும் இல்லை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிப்பது. 21700 என்றால் 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். உள்ளே இரண்டு நீளமான உலோகத் தகடுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள், மூன்றையும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு தகடு அலுமினியம், அதன்மேல் லித்தியம் கலந்த உலோக ஆக்ஸைடு. இன்னொன்று செம்பு, அதன்மேல் கிராஃபைட். நடுவிலுள்ள தாள் தலைமுடியைவிட மெல்லியது. எல்லாம் ஊறிக்கொண்டிருப்பது எளிதில் தீப்பற்றுகிற ஒரு கரைசலில்.

1991-இல் சோனி இதை முதன்முதலாக வணிகத்துக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுக்கு முழுத் தகுதியான பொருள்தான் இது. ஒழுங்காக நடத்தினால் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உழைக்கும்.

ஒழுங்கு தவறினால் நடப்பது சங்கிலித் தொடர். ஷார்ட் ஆகியோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஆகியோ செல் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 80, 90 டிகிரி வாக்கில் கிராஃபைட்டின் மேல் படிந்திருக்கும் பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கும். அந்தச் சிதைவே கொஞ்சம் சூட்டைக் கிளப்பும். 130 டிகிரியை நெருங்கும்போது நடுவிலுள்ள பாலிஎத்திலீன் தாள் உருக ஆரம்பிக்கும். தாள் போனால் இரண்டு தகடுகளும் உள்ளேயே முட்டிக்கொள்ளும். அதற்கும் மேலே சூடு ஏறினால் ஆக்ஸைடு சிதைந்து ஆக்ஸிஜனை வெளியே விடும். எரிபொருளும் ஆக்ஸிஜனும் சூடும் ஒரே டப்பாவுக்குள் சேர்ந்துவிட்டன. இனி வெளியிலிருந்து யாரும் எதையும் நிறுத்த முடியாது. ஆங்கிலத்தில் தெர்மல் ரன்அவே என்பார்கள், கட்டுப்பாடு இழந்த சூடு. முதல் சீறலிலிருந்து தீச்சுவாலை வரை சில விநாடிகளே ஆகலாம்.

தொடக்கப் புள்ளி பெரும்பாலும் வெளியே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. அதனால்தான் இதைப் பேசுவதில் பலன் உண்டு.

உறையும் வளையமும்

ஒரு 18650-ஐ வெளிச்சத்தில் கையில் எடுத்துப் பாருங்கள். டார்ச்சில் போடுகிற சாதாரண பேட்டரி மாதிரி, ஒரு முனை பாசிட்டிவ், மறு முனை நெகட்டிவ் என்று நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மை. மேலே இருக்கிற சின்னப் பொத்தான் மட்டும்தான் பாசிட்டிவ். அடிப்பாகம், சுற்றுச்சுவர், மேல் விளிம்பு உட்பட மொத்த டப்பாவுமே நெகட்டிவ். மேலே பாசிட்டிவ் பொத்தானுக்கும் நெகட்டிவ் விளிம்புக்கும் இடையில் இருக்கும் தூரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளியில் ஒரு வெள்ளைக் காகித வளையம் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் வண்ண பிளாஸ்டிக் உறை மடிந்து இறுகியிருக்கும். அந்தக் காகிதத் துண்டும் இந்தத் தாள் மாதிரி உறையும்தான் மொத்தக் காவலும்.

இந்த உறை எங்கே கிழிகிறது தெரியுமா? பெரும்பாலும் மேல் விளிம்பில்தான். சார்ஜரின் உலோக நாக்கு உரசி உரசி, அல்லது இறுக்கமான மோடிலிருந்து (செல் போடுகிற வேப் கருவியின் உடல்) நகத்தால் நெம்பி எடுக்கும்போது. என்னிடம் இருந்த ஒரு செல்லில், நகத்தின் வெள்ளைப் பிறை அளவுக்குத்தான் கிழிசல். தூரத்தில் பார்த்தால் லேபிளில் ஏதோ மின்னுகிற மாதிரி இருந்தது. திருப்பி வெளிச்சத்தில் காட்டியபோதுதான் தெரிந்தது, மின்னியது லேபிள் அல்ல, வெறும் உலோகம். அந்த இடத்தில் மோடின் உட்புற உலோகம் உரசினாலே ஷார்ட் ஆக வழி கிடைத்துவிடும்.

கிழிந்தால் செல்லைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. உள்ளே டப்பா நசுங்காமல் இருந்தால், ஹீட் ஷ்ரிங்க் உறை வாங்கி மறுபடி போர்த்தலாம். பழைய உறையைக் கத்தியால் அறுக்காமல் கையால் உரித்து, காகித வளையம் பழுதாகியிருந்தால் அதையும் மாற்றி, புதிய உறையைப் போட்டு, சூடான காற்றை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிக் காட்டினால் இறுகிவிடும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒப்பேற்றுவது கூடாது. சூட்டில் பசை இளகி டேப் நகர்ந்துவிடும். நசுங்கியிருந்தால், கசிந்திருந்தால், உப்பியிருந்தால் யோசனையே வேண்டாம், அந்த செல் வேலைக்கு ஆகாது.

இப்போது பாக்கெட்டுக்கு வருவோம். சாவிக்கொத்தோ இரண்டு நாணயமோ செல்லோடு கிடக்கிறது. ஒரு சாவி பொத்தானையும் விளிம்பையும் சேர்த்துத் தொட்டால் போதும், சர்க்யூட் பூர்த்தியாகிவிடும். இந்த வகை செல்லின் உள் எதிர்ப்பு ஓமில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அதனால் ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல்கூடப் பாயலாம். சாவி பழுக்கும், செல் பழுக்கும், துணி பற்றும். பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டு எடுக்கவும் முடியாது, உதறவும் முடியாது. இதனால்தான் காயம் தொடையிலும் கையிலும் சேர்ந்தே வருகிறது.

பிளாஸ்டிக் செல் பெட்டி என்று ஒன்று கிடைக்கிறது. இரண்டு செல் வைக்கலாம், சத்தமாக மூடும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு காரியம் செய்வதாக இருந்தால் அதை வாங்குங்கள். அதுவரைக்கும் சிலிகான் உறையாவது போடுங்கள். கருவியைப் பாக்கெட்டில் போடும்போது லாக் செய்வதும் இதோடு சேர்ந்த பழக்கம். பல கருவிகளில் பட்டனை ஐந்து முறை வேகமாக அழுத்தினால் அணைந்துவிடும்.

எவ்வளவு கரண்ட் இழுக்கிறோம்

அடுத்தது கணக்கு. பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான், பயப்பட ஒன்றுமில்லை. முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட். சர்க்யூட் எதுவும் இல்லாத மெக்கானிக்கல் மோடில் 0.5 ஓம் காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) போட்டால் 4.2 ÷ 0.5, அதாவது 8.4 ஆம்பியர். 0.2 ஓம் போட்டால் 21 ஆம்பியர். 0.1 ஓம் போட்டால் 42. காயில் கம்பி தடிமனாகி ஓம் குறையும்போது கரண்ட் எப்படித் தாவுகிறது பாருங்கள். சாம்சங் 25ஆர் என்ற பிரபலமான செல்லுக்குத் தொடர்ந்து இழுக்கக்கூடிய அளவு 20 ஆம்பியர், கொள்ளளவு 2500 எம்ஏஎச். 0.2 ஓமிலேயே எல்லை தாண்டியாகிவிட்டது. 0.1-இல் இரண்டு மடங்கு. மெக்கானிக்கல் மோடில் தடுக்க யாருமில்லை. ஓம் மீட்டர் வைத்து அளந்து, கணக்குப் போடத் தெரியாதவர் அந்த வகைக் கருவியைத் தொடாமல் இருப்பதே சரி.

வாட் அளவைத் திரையில் வைக்கிற கருவியில் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே காயிலின் ஓமைவிட வாட்தான் முக்கியம். செல்லின் வோல்ட் இறங்க இறங்க, அதே வாட்டைத் தருவதற்குக் கருவி அதிகக் கரண்டை உறிஞ்சும். ஒற்றை செல் கருவியில் 80 வாட் வைத்திருக்கிறோம், செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது, கருவியின் திறன் 90 சதவீதம் என்று கொள்வோம். 80-ஐ 3.2-ஆல் வகுத்து, அதை 0.9-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 ஆம்பியர். 20 ஆம்பியர் செல்லுக்கு இது அதிகம். அதே 80 வாட்டை இரண்டு செல் கருவியில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 14. நிம்மதியாக ஓடும்.

லேபிளில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 18650 அளவு செல்லில் நிஜமான கொள்ளளவு பொதுவாக 3500, 3600 எம்ஏஎச் வாக்கில் நின்றுவிடுகிறது. 5000, 9900 என்று போட்டிருந்தால் அது பொய், வாதமே தேவையில்லை. ஆம்பியரில் செய்கிற மோசடி இன்னும் நுட்பமானது. ஏதோ ஒரு செல்லை வாங்கி, தங்கள் பெயர் போட்ட உறையைப் போர்த்தி, சில விநாடி மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவைப் பெரிதாக அச்சடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது தொடர்ந்து தரக்கூடிய அளவு. அதை செல் தயாரித்த நிறுவனத்தின் தரவுத் தாளில்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, கொள்ளளவும் கரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இழுப்பவை. அதிக நேரம் வரும் செல் பொதுவாகக் குறைந்த கரண்ட்தான் தரும். இரண்டிலும் உச்சம் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம்.

இரண்டு செல் போடுகிற கருவி என்றால் அந்த இரண்டையும் ஜோடியாகவே வைத்திருங்கள். ஒரே நாளில் வாங்கியது, ஒரே ரகம், ஒன்றாகவே சார்ஜ், ஒன்றாகவே ஓய்வு. புதியதும் பழையதும் வரிசை இணைப்பில் சேர்ந்தால் பழையது முன்னாலேயே காலியாகும். மற்றது தொடர்ந்து கரண்டைத் தள்ள, காலியான செல் எல்லை கடந்து வடிந்துகொண்டே போகும். 2 வோல்ட்டுக்குக் கீழே அதிக நேரம் கிடந்தால் உள்ளே செம்புத் தகடு கரையத் தொடங்கலாம். அடுத்த முறை சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட்டுக்கு வழி போடும். மாதக்கணக்கில் டிராயரில் கிடந்து செத்துப்போன செல்லை எப்படியாவது உயிர்ப்பிக்கப் பார்ப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. எது எதன் ஜோடி என்று உறையில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

சார்ஜ் போடும்போது

நல்ல சார்ஜர் இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதலில் ஒரே அளவு கரண்டைத் தள்ளும். செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே நிறுத்திக் கரண்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்திவிடும். இந்த 4.2-ஐத் தாண்டுவதுதான் பிரச்சினை. மற்ற பழக்கங்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

பழைய பேனா வகைக் கருவிகளில் இது தாண்டிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. யுஎஸ்பி முனையில் ஒரு குட்டி சார்ஜர், அதில் பேட்டரியைத் திருகி மாட்டுவோம். சில வகைகளில் சார்ஜ் சர்க்யூட் அந்தக் குட்டி சார்ஜருக்குள் இருக்கும்; 4.2 வோல்ட்தான் வெளியே வரும். வேறு வகைகளில் சர்க்யூட் பேட்டரிக்குள் இருக்கும். சார்ஜர் வெறுமனே 5 வோல்ட்டைக் கடத்தும். திருகு மரை மட்டும் இரண்டிலும் ஒன்றே. மாற்றி மாட்டினால் ஒழுங்காகப் பொருந்தும், விளக்கும் எரியும், 5 வோல்ட் நேரே செல்லுக்குப் போகும். பொருந்துகிறது என்பதால் சரி என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த மாதிரிக் கருவி இன்னும் வைத்திருந்தால் கூட வந்த சார்ஜரைத் தவிர எதிலும் மாட்டாதீர்கள்.

இப்போதைய கருவிகளில் யுஎஸ்பி-சி வந்துவிட்டது. சி-க்கு-சி கேபிளில் மாட்டினால் சார்ஜே ஏறவில்லை என்று பலரும் குழம்புகிறார்கள். கருவிக்குள் 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருந்தால்தான் எதிரிலுள்ள அடாப்டர் மின்சாரம் தரும். விலையைக் குறைக்க அதையும் போடாமல் விட்ட கருவிகள் நிறைய. மறுமுனை பழைய செவ்வக யுஎஸ்பியாக இருக்கும் கேபிளில் மாட்டினால் ஏறும். இது ஆபத்து இல்லை. ஆனால் சில்லறைக் காசு ரெசிஸ்டரில் மிச்சம் பிடித்தவர் சார்ஜ் சர்க்யூட்டில் எதில் மிச்சம் பிடித்தாரோ என்ற கேள்வி எனக்கு வரும். அப்படிப்பட்ட கருவிக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் சாதாரண அடாப்டர் போதும்.

கழற்றக்கூடிய செல் என்றால் தனி சார்ஜரில் போடுவது மேல். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும், தலைகீழாக வைத்தால் மறுத்துவிடும், அப்படி ஒரு சார்ஜர். 2500 எம்ஏஎச் செல்லுக்கு 1 ஆம்பியர் வேகம் தாராளம். மெதுவாக ஏறினால் சூடும் குறைவு, ஆயுளும் கூடுதல். கையில் தொட்டால் லேசாக வெதுவெதுப்பாக இருக்கலாம். சுடக் கூடாது. சுட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த செல்லையோ சார்ஜரையோ சந்தேகப்படுங்கள்.

இடமும் முக்கியம். மெத்தை, சோபா, தலையணை மேல் வேண்டாம். சூடு வெளியேறாது, பற்றினால் பரவும். டைல்ஸ், கல், உலோகத் தட்டு போன்ற எரியாத பரப்பில், திரைச்சீலை இல்லாத இடத்தில், நாம் விழித்திருக்கும் நேரத்தில் போடலாம். வெயிலில் நின்ற காருக்குள் வைத்து சார்ஜ் போடக் கூடாது; பொதுவாக சார்ஜுக்கு ஏற்ற சூழல் 0 முதல் 45 டிகிரி வரைதான். உறைகுளிரில் போட்டால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். குளிரிலிருந்து வந்த கருவியை அறைச் சூட்டுக்கு வரவிட்டு அப்புறம் போடுங்கள். ரொம்ப நாள் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

விமானத்தில் போகிறவர்களுக்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. 2015-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, வேப் கருவிகளை செக்-இன் பெட்டியில் வைப்பதற்குத் தடை விதித்தது. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், விமானத்துக்குள் சார்ஜ் போடக் கூடாது. சரக்கு அறையில் பற்றினால் யாருக்கும் தெரியாது, கேபினில் பற்றினால் பக்கத்தில் ஆள் இருக்கிறது.

செல் சீறினால், இனிப்பான ரசாயன வாடை வந்தால், கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முடிந்தால் திறந்த வெளியில் எரியாத தரையில் போட்டுவிட்டு விலகுங்கள். புகையை முகர வேண்டாம், அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. லித்தியம்-அயான் செல்லில் ஏராளமான தண்ணீர்தான் சூட்டைத் தணித்து, தீ மறுபடி கிளம்பாமல் தடுக்கிறது. அறைக்குள் பரவிவிட்டால் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் வேலை. உடம்பில் பட்டிருந்தால் டாக்டரிடம் லித்தியம் பேட்டரி வெடித்தது என்று சொல்லுங்கள். அது வெறும் தீக்காயம் அல்ல, கூடவே ரசாயனக் காயமும் இருக்கும், சிகிச்சை மாறும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய அதே லித்தியம்-அயான் செல்தான். திரவம் தீர்ந்து கருவி அணைந்தாலும் செல்லில் சார்ஜ் மிச்சம் இருக்கும். குப்பை லாரி அதை நசுக்கும்போது மேலே சொன்ன சங்கிலித் தொடர் லாரிக்குள் தொடங்கும். பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் இவற்றின் விற்பனையைத் தடை செய்ததற்கு, குப்பையாகச் சேரும் இந்தப் பேட்டரிகளும் ஒரு காரணம். இதை உடைத்து செல்லை வெளியே எடுத்து சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது, வேண்டாம். அப்படியே மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம். உதிரி செல் என்றால் கொடுப்பதற்கு முன் இரண்டு முனையிலும் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். சேகரிப்புப் பெட்டிக்குள் அதன்மேல் இன்னும் பத்து செல்கள் விழும், அவற்றைப் போட்டவர்கள் டேப் ஒட்டியிருப்பார்களா என்று நமக்குத் தெரியாது.